மகரக்கட்டைத் தாண்டிய குரல்கள்: பாலர் நாடக சபைகளும் அவற்றின் நிலைபேறும்

கலைஞர் ஒருவர் நிலைத்து நிற்பது ஒன்று. கலைக்குழு ஒன்று நிலைத்து நிற்பது முற்றிலும் வேறு. தனியொருவர் புகழ் அவருடைய உடலோடும் குரலோடும் கட்டுண்டது. குழுவின் புகழோ பலருடைய உடலாலும் பலருடைய குரலாலும் ஆனது. அதில் ஒருவர் மணம் புரிந்து விலகுவார், ஒருவர் ஊதியம் போதாதென்று பிரிவார், ஒருவர் சினந்து எதிர்க்கடை விரிப்பார், ஒருவர் இறந்துபடுவார். இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஒரு பெயரின் கீழ் இருபது, முப்பது ஆண்டுகள் கூடிப் பாடுவதென்பது எளிய செயலன்று. நம் கலை வரலாறு எழுதியோர் பெரும்புலவர்களைப் பற்றியும் பெரும்பாடகர்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். கூட்டாக உண்டு, கூட்டாக உறங்கி, ஊர் ஊராகக் கூட்டாகப் பாடித் திரிந்த குழுக்களைப் பற்றி அவர்கள் எழுதியது குறைவே.

இந்த எண்ணத்தை இப்போது நம்முள் கிளறிவிட்டிருப்பவை தொலைதூரக் கொரிய நாட்டின் பாடற்குழுக்கள். பழனி மலையடிவாரத்து இளைஞரும் இன்று கைப்பேசியில் அக்குழுக்களின் பாடல்களைக் கேட்கின்றனர். மொழி புரியாமலே உடன் பாடவும் செய்கின்றனர். அக்குழுக்களுள் மூத்தவை சில உண்டு. அறுவர் கொண்ட ஷின்ஹ்வா என்னும் குழு 1998ஆம் ஆண்டு மேடையேறியது. தோங்பாங் ஷின்கி 2003இலும், சூப்பர் ஜூனியர் 2005இலும் தோன்றின. விடலைப் பருவத்தில் நிறுவனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆடவும் பாடவும் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவிக்கப்பட்டு, ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்ட பிள்ளைகள் நாற்பது வயதை எட்டியும் எவ்வாறு ஒரே பெயரில் பாடுகிறார்கள் என்று இளையோர் வியக்கின்றனர்.

வியப்பு நியாயமானதே. ஆனால் இந்த வினா தமிழர்க்குப் புதியதன்று. சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் வசனமும் பயிற்றி, ஒப்பந்தத்தில் கட்டி, ஊர்தோறும் கொட்டகை அமைத்து இரவுதோறும் பாடவைத்த ஒரு பெரும் ஏற்பாடு நூறாண்டுகளுக்கு முன் நம் மதுரையில் செழித்திருந்தது. 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் வழங்கிய பாலர் நாடக சபைகளே அவை. அவற்றின் இசையும், அவற்றுள் ஒன்றிரண்டு நின்ற விதமும், ஏனையவை நில்லாது போன விதமும் இக்கட்டுரையின் பொருள்.

மதுரை என்னும் பெயர்

பாலர் சபைகளின் கதையைச் சங்கரதாச சுவாமிகளிலிருந்து தொடங்குவதே முறை. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். எனவே தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று பின்னாளில் போற்றப்பட்டவரின் யாப்பறிவில் நம் மலைச்சாரலுக்கும் ஒரு பங்குண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம். அவருடைய காலத்தில் நாடகக் குழுக்கள் வளர்ந்த ஆண்களால் ஆனவை. அவர்களுட் பலரிடம் ஒழுங்கின்மை மிகுந்திருந்தது. பாடம் செய்த பாட்டை விடுத்து மேடையில் மனம்போனபடி பேசுவதும், சொன்ன நாளில் வாராமற் போவதும் வழக்கமாயின. அந்நிலையைக் கண்டு வருந்தியே, வளைந்து கொடுக்கும் பருவத்துச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் வழியைச் சுவாமிகள் மேற்கொண்டார் என்று நாடக வரலாறு எழுதியோர் கூறுவர். 1918ஆம் ஆண்டு மதுரையில் அவர் ஆசிரியராக இருந்து தோற்றுவித்த 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' இவ்வழியில் மிகப் புகழ்பெற்றது.

அவர் ஒருவர் மட்டும் அவ்வழியில் நடந்தாரல்லர். ஜெகந்நாத ஐயர் நடத்திய 'பால மீனரஞ்சனி சங்கீத சபா'வில் எம்.ஆர். ராதாவும் நவாப் இராஜமாணிக்கமும் பயின்றனர். சச்சிதானந்தம் பிள்ளையின் 'மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி'யில் எம்.ஜி. இராமச்சந்திரனும் அவர் தமையன் சக்கரபாணியும் வறுமையின் காரணமாகச் சேர்க்கப்பட்டனர், காளி என். ரத்தினம் அங்கே அவர்களுக்கு ஆசிரியர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் 'மதுரை ஸ்ரீ பாலகான சபா'வில் சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே சேர்ந்தார். இப்பெயர்களை அடுக்கிப் பார்த்தாலே ஓர் உண்மை புலனாகும். தமிழ்த் திரையுலகின் முதல் அரை நூற்றாண்டை ஆண்டவர்களுட் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர். பாலர் சபையில் படித்தவர்.

சபைகளின் பெயர்களில் 'மதுரை' என்னும் சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தமது குழுவைத் தொடங்கியபோதும் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' என்றே பெயரிட்டனர். ஊரை விட்டு எங்குச் சென்றாலும் மதுரை என்ற சொல்லே அவர்களுக்கு முதலீடு. ஒரு கம்பெனி 'ஒரிஜினல்' என்று தன்னை அழைத்துக்கொண்டதிலும் ஒரு செய்தி உண்டு. பெயர் என்பது அலங்காரமன்று, உடைமை என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர்.

பாட்டே நாடகம்

அந்நாளைய நாடகத்தை இன்றைய நாடகத்தோடு ஒப்பிடலாகாது. அது பாட்டால் ஆனது. சுவாமிகளின் நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் வரும். சிந்தும் கும்மியும் கீர்த்தனையும் வரும். பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டில் பரப்பிச் சென்ற வடநாட்டு மெட்டுகளும் வரும். பண்டிதர்க்கு யாப்பும், பாமரர்க்கு மெட்டும் ஒருசேரக் கிடைத்தன. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை. ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைக்கோடியில் மண் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆதலின் உச்ச சுருதியில், சொல் சிதையாமல் பாடும் குரலே முதல் தகுதி.

இந்தத் தேவைதான் சிறுவர்களை மேடைக்கு இழுத்தது. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவனின் குரல் உயரத்தில் தங்குதடையின்றி உலவும். அவனால் அபிமன்யுவாகவும் பாட இயலும். வள்ளியாகவும் பாட இயலும். பெண்கள் பலர் மேடையேறத் தயங்கிய அந்நாளில் ஸ்திரீபார்ட்டுக்கும் அவனே பொருத்தமானவன். சுவாமிகள் தம் மாணாக்கர்க்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்ததை, அதில் அபிமன்யுவாக நடித்த டி.கே. ஷண்முகம் வியந்து நினைவுகூர்ந்துள்ளார். குரலுக்கேற்பப் பாத்திரமும், பாத்திரத்துக்கேற்பப் பாட்டும் எழுதும் வாத்தியார் கூடவே வாழ்ந்தது பாலர் சபையின் பெரும்பலம்.

பயிற்சியோ கடுமையானது. கம்பெனி வீட்டில் எல்லாரும் ஒன்றாகத் தங்குவர். காலையில் குரற்பயிற்சி, பிறகு பாடம், பிற்பகலில் ஒத்திகை, இரவில் நாடகம், விடியுமுன் உறக்கம். பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி இத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தம் செய்துகொள்வர். பிரம்பும் வசையும் பாடத்தின் பகுதிகள். பொறுக்கமாட்டாமல் இரவோடிரவாக ஓடியவர்கள் உண்டு. ஒரு கம்பெனி பழக்கிய பிள்ளையை மற்றொரு கம்பெனி ஆசை காட்டி இழுத்துக்கொண்டதும் உண்டு. நாம் இன்று அவர்களின் புகழைப் பாடுகையில் இதனை மறைத்தல் அறமாகாது. புகழடைந்த பத்துப் பேரின் பெயர் நமக்குத் தெரியும். குரல் போனபின் ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை.

குரல் உடையும் பருவம்

பாலர் சபையின் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. அதனை நாடகத்தார் 'மகரக்கட்டு' என்பர். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் தொண்டை உடைகிறது. நேற்றுவரை தேனாய்ப் பாய்ந்த குரல் கரகரக்கிறது. உச்சத்தை எட்டுமுன் பிளக்கிறது. எந்தக் குரலை நம்பிக் கம்பெனி தன் கொட்டகையை எழுப்பியதோ, அந்தக் குரல் நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் நில்லாது என்பது இயற்கை விதித்த விதி. சிலருக்கு மகரக்கட்டு கழிந்தபின் நல்ல ஆண்குரல் அமையும், பலருக்கு அமையாது.

ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. குரல் போன பிள்ளையை அனுப்பிவிட்டுப் புதுப்பிள்ளையைச் சேர்ப்பது ஒரு வழி. இதில் கம்பெனியின் பெயர் நிற்கும், ஆட்கள் நில்லார். குரல் போனவனுக்கு வேறு வேலை தந்து, அவன் வயதோடு நாடகத்தையும் வளர்ப்பது மற்றொரு வழி. இது செலவு மிகுந்தது, துணிவும் வேண்டுவது. இதில் ஆட்கள் நிற்பர். ஆனால் கம்பெனியின் இயல்பே மாறிவிடும். பெரும்பாலோர் முதல் வழியில் சென்றனர். இரண்டாம் வழியில் நெடுந்தொலைவு சென்றவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள்.

நால்வர் நடத்திய நெடும்பயணம்

ஸ்திரீபார்ட் நடிகராகிய கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர் நால்வர்: சங்கரன், முத்துசாமி, ஷண்முகம், பகவதி. 1912ஆம் ஆண்டு பிறந்த ஷண்முகம் ஆறு வயதில் சுவாமிகளின் சபையில் சேர்ந்தார். 1922ஆம் ஆண்டு சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். ஆசிரியர் மறைந்த மூன்றாம் ஆண்டு, 1925இல், சகோதரர்கள் தமக்கென்று சபை கண்டனர். அப்போது ஷண்முகத்துக்கு வயது பதின்மூன்று. அதாவது, பிறர் கம்பெனிகளில் பிள்ளைகள் வெளியேற்றப்படும் வயதில் அவர் தம் குடும்பத்தாரோடு ஒரு கம்பெனிக்கு உரிமையாளரானார். இதன் சிறப்பை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. பாடும் பிள்ளைகளே சபையின் சொந்தக்காரர்களாகவும் ஆனதால், குரல் உடைந்த பின்னும் அவர்களை வெளியே அனுப்ப ஒருவரும் இல்லை.

இதன் பின்னர் அவர்கள் செய்தவற்றைக் காலவரிசையில் நோக்கினால், வயதுக்கேற்பக் கலையை மாற்றிக்கொண்ட ஒரு திட்டம் தெரிகிறது. முதலில் சுவாமிகளின் புராண நாடகங்கள். அடுத்து, எம். கந்தசாமி முதலியாரைக் கொண்டு ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கிய சமூகக் கதைகள். 1931இல் வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' 'தேசபக்தி' என்னும் பெயரில் மேடையேறியது. விடுதலை வேட்கை பாட்டாகவும் வசனமாகவும் வெளிப்பட்டது. அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. நாடகக் கொட்டகைகளுக்கு அது ஓர் எச்சரிக்கை மணி. சகோதரர்கள் படத்தை வெறுத்து ஒதுங்கவுமில்லை, நாடகத்தைக் கைவிடவுமில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாக நடித்துத் தந்துவிட்டு மீண்டும் மேடைக்கே திரும்பினர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குத் திரையில் முதல் வாய்ப்பு அப்படத்தில்தான் அமைந்தது. 'குமாஸ்தாவின் பெண்' நாடகமும் அவ்வாறே 1941இல் படமாயிற்று.

1940களில் ஷண்முகம் ஏற்ற வேடம் இங்கே கருதத்தக்கது. சிறுவனாக இருந்தபோது உச்சக் குரலில் பாடியவர், முப்பது வயதை ஒட்டி, நரைமூதாட்டி ஔவையாக மேடையில் நின்றார். சிறுவனின் இனிமைக் குரல் அவ்வேடத்துக்குத் தேவையில்லை. தளர்ந்த நடையும், தெளிந்த சொல்லும், பாட்டின் பொருளை உணர்ந்த நிதானமுமே தேவை. இழந்த குரலைத் தேடி அழாமல், கிடைத்த குரலுக்கு உரிய பாத்திரத்தைக் கண்டெடுத்தார். 'ஔவை ஷண்முகம்' என்று நாடே அவரை அழைத்தது. அந்தச் சபையில் 1960களில் பயின்ற கமல்ஹாசன் 1996இல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயரிட்டது இந்தப் பெயருக்கு அவர் செலுத்திய வணக்கம்.

1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடியதற்கும் இச்சகோதரர்களே முன்னின்றனர். தம் ஒரு குழு வாழ்ந்தால் போதாது, துறையே வாழ வேண்டும் என்னும் அறிவு அவர்களுக்கு இருந்தது. 1950இல் 'பால' என்னும் சொல்லை விடுத்து, 'டி.கே.எஸ். நாடக சபை' என்று பெயரை மாற்றிக்கொண்டனர். இருபத்தைந்து ஆண்டுகளில் பாலர்கள் வளர்ந்துவிட்டனர். பெயரும் உண்மையை ஒப்புக்கொண்டது. அரு. இராமநாதனின் 'இராஜராஜ சோழன்' 1955இல் மேடையேறியபோது பகவதி சோழப் பெருவேந்தராகக் கம்பீரம் காட்டினார். ஷண்முகம் 1973ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். 1918இல் தொடங்கிய அவருடைய மேடை வாழ்வு அரை நூற்றாண்டைக் கடந்தது.

இச்சபையிலிருந்து பிரிந்தவர் பட்டியலும் பெரிது. கே.ஆர். ராமசாமி தனிச் சபை கண்டார், எஸ்.வி. சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார், எஸ்.எஸ். ராஜேந்திரன் தம் பெயரால் நாடக மன்றம் நடத்தினார், ஏ.பி. நாகராஜன் திரையுலகில் புராணப் படங்களின் பேராசானாக விளங்கினார். பிரிவு நேர்ந்தபோது கசப்பு இருந்திருக்கலாம். ஆனால் வரலாற்றின் தொலைவிலிருந்து பார்க்கையில், பிரிந்தோர் யாவரும் அச்சபையின் பாடத்தை வேறு கொட்டகைகளுக்குக் கொண்டுபோனவர்களே என்று தோன்றுகிறது.

இன்னொரு வழியையும் குறிப்பிடல் வேண்டும். நவாப் இராஜமாணிக்கத்தின் 'மதுரை தேவி பால விநோத சங்கீத சபா' சகோதரர்களைப் போலப் புதிய கதைகளைத் தேடிச் செல்லவில்லை. 'தசாவதாரம்', 'சம்பூர்ண இராமாயணம்', 'ஏசுநாதர்' என்று பக்திக் கதைகளிலேயே நின்று, மேடைக் காட்சிகளின் பிரம்மாண்டத்தால் மக்களைக் கட்டிப்போட்டது. ஐயப்பன் வரலாற்றை அவர் ஊர்தோறும் நாடகமாக நடித்தது, தமிழ்நாட்டில் சபரிமலை வழிபாடு பரவியதற்கு ஒரு காரணம் என்பர். அங்கே பயின்ற எம்.என். நம்பியார் பின்னாளில் குருசாமியாக எத்தனையோ பேரை மலைக்கு அழைத்துச் சென்றது அந்தத் தொடர்ச்சியின் பயன் எனலாம். ஒன்று மாறி நின்றது; மற்றொன்று மாறாமல் நின்றது. இரண்டுக்கும் அடியில் இருந்தது கட்டுப்பாடு.

கடல் கடந்த ஒப்புமைகள்

இனி வெளிநாட்டை நோக்குவோம். ஜப்பானில் தகராசுக்கா என்னும் ஊரில் ஓர் இரயில் நிறுவனத்தின் அதிபர் கோபயாஷி இச்சிசோ 1913ஆம் ஆண்டு சிறுமியர் பாடற்குழு ஒன்றைத் தொடங்கினார். 1914இல் முதல் நிகழ்ச்சி நடந்தது. ஆண் வேடங்களையும் பெண்களே புனைவர். நம் பாலர் சபையின் தலைகீழ் வடிவம் என்று அதைக் கூறலாம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நடைபெறுகிறது. காரணங்கள் வெளிப்படை: தனக்கென்று ஓர் இசைப்பள்ளி, தனக்கென்று நிலையான அரங்கு, நடிகையர் ஓய்வுபெற்றாலும் வேடமும் பாட்டும் அடுத்தவர் கைக்கு மாறும் முறை. மதுரைச் சபைகளுக்கு முதலிரண்டும் வாய்க்கவில்லை. பள்ளியும் அரங்கும் மாட்டுவண்டியிலும் இரயிலிலும் ஊர் ஊராகச் சென்றன. ஆயின் தகராசுக்காவிலும் கட்டுப்பாட்டின் கொடுமுகம் வெளிப்படாமலில்லை. 2023இல் இளம் நடிகை ஒருவர் இறந்தார். மூத்தோர் இழைத்த கொடுமைகள் நடந்தது உண்மையே என்று 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. நிலைபேற்றுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்னும் வினா மதுரைக்கு மட்டும் உரியதன்று.

கொரியாவிலும் 1940களின் இறுதியில் பெண்களே அனைத்து வேடங்களும் பூணும் மரபிசை நாடகக் குழுக்கள் எழுந்தன. 1950களில் மக்கள் அவற்றைக் கொண்டாடினர். 1960களில் திரைப்படம் வந்து அவற்றைத் தேயச் செய்தது. நம் பாலர் சபைகளின் முடிவும் அஃதே. இன்றைய கொரியப் பாடற்குழுக்கள் அம்மரபின் நேர்வாரிசுகள் அல்ல. நிறுவன முதலீட்டின் பிள்ளைகள். எனினும் அவை சந்தித்த இடையூறுகள் நமக்குப் பழக்கமானவையே. 1996இல் தோன்றிப் பெரும்புகழ் ஈட்டிய எச்.ஓ.டி. என்னும் ஐவர் குழு 2001இல் ஒப்பந்தச் சிக்கலில் கலைந்தது. தோங்பாங் ஷின்கியின் ஐவருள் மூவர், பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தம் அடிமைத்தனம் என்று 2009இல் நீதிமன்றம் சென்றனர். எஞ்சிய இருவரே அப்பெயரில் இன்றும் பாடுகின்றனர். அவ்வழக்கின் ஆண்டிலேயே அந்நாட்டு நியாய வணிக ஆணையம் ஏழாண்டுக்கு மேற்படாத மாதிரி ஒப்பந்தத்தை வகுத்தது. ஏழாம் ஆண்டில் குழுக்கள் கலைவது அங்கே ஒரு சாபம் போலப் பேசப்படுகிறது. போதாக்குறைக்கு, ஆண்கள் அனைவரும் ஏறத்தாழ இரண்டாண்டு படைப்பணி ஆற்றியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு எப்படியோ, அவர்களுக்குப் படைப்பணி அப்படி: புகழின் உச்சத்தில் குரல் நின்றுபோகும் கட்டாய மௌனம்.

ஷின்ஹ்வா இவற்றைக் கடந்த விதம் டி.கே.எஸ். சகோதரர்களை நினைவூட்டுகிறது. 2003இல் ஒப்பந்தம் முடிந்தபோது அறுவரும் சேர்ந்தே வெளியேறினர். ஒருவரும் தனித்து விலைபோகவில்லை. படைப்பணியின் பொருட்டு நான்காண்டுகள் மேடையை விட்டிருந்து, 2012இல் கூடி மீண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு தமக்கென்று சொந்த நிறுவனம் அமைத்துக்கொண்டனர். தம் குழுவின் பெயர் பிறர் கையில் இருந்தமையால் வழக்காடி, 2015இல் அதன் உரிமையைப் பெற்றனர். பாடுவோரே உரிமையாளராதல், பெயரைக் காத்தல், வயதுக்கேற்பப் பாட்டை மாற்றுதல் ஆகிய மூன்றும் திருவனந்தபுரத்தில் 1925இல் தொடங்கிய அந்தச் சிறுவர் சபையும் கடைப்பிடித்தவை அன்றோ!

சபை மறைந்தது, பாட்டு நின்றது

இவ்வளவு கூறியபின் ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். எத்தனை திறமையாக நடத்தப்பட்டாலும் பாலர் சபைகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. கட்டுப்பாடும் ஒத்திகையும் சொந்த உடைமையும் காட்சித் திரைகளும் கொண்ட அமைப்புகள் யாவும் மறைந்தன. அவற்றைவிட எளியது, ஒழுங்கற்றது என்று கற்றோர் இகழ்ந்த ஒன்று மட்டும் நிற்கிறது. அதுதான் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வேண்டுவோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று தனித்தனியே ஆட்களை ஏற்பாடு செய்வர். வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவோர், ஒப்பனை செய்யும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களில் அவர்களுக்கென்று சங்கங்கள் உண்டு. சங்கரதாச சுவாமிகளின் பெயரையே அவர்கள் தெய்வப் பெயராகப் போற்றுவர்.

ஒத்திகையின்றி ஓர் இரவு முழுதும் எவ்வாறு பாடுகிறார்கள்? அவர்கள் அனைவருக்கும் ஒரே பாடம் மனப்பாடமாக இருக்கிறது என்பதே விடை. சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமண'த்தின் பாட்டும் விருத்தமும் தர்க்கமும் அவர்களின் பொதுச் சொத்து. நாரதர் எந்த விருத்தத்தில் நிறுத்தினால் வள்ளி எந்தப் பாட்டில் எடுக்க வேண்டும் என்பது மேடையேறும் ஒவ்வொருவருக்கும் தெரியும். பாடம் பொதுவாக இருப்பதால் ஆள் மாறலாம், கொட்டகை மாறலாம், குழுவே இல்லாமலும் போகலாம். பாட்டு நிற்கிறது. நம் வட்டாரத்துக் கோயில் விழாக்களில் தினைப்புனம் காக்கும் வள்ளியின் பாட்டு நள்ளிரவில் மலைச்சரிவில் மோதி எதிரொலிக்கையில், அதை எழுதிய கை ஓய்ந்து நூறாண்டு கடந்துவிட்டது என்று எவர் எண்ணுகிறார்?

பாட்டு மட்டுமன்று, பாட்டெழுதும் முறையும் கைமாறி வந்தது. உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயரின் மாணவர் உடுமலை நாராயண கவி. அவர் சங்கரதாச சுவாமிகளிடமும் யாப்புக் கற்றார். பின்னர் கலைவாணரின் படங்களுக்கு அவர் எழுதிய பாடல்களில் மேடைச் சிந்தும் கும்மியும் புத்துரு எடுத்தன. பழனி, உடுமலை, மதுரை என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் வழியாகவே நாடகப் பாட்டு திரைப்பாட்டாக நடந்து சென்றது.

நமக்குரிய பாடம்

ஆக, நிலைபேறு இருவகைத்து என்பது இவ்வரலாற்றால் விளங்கும். ஒன்று, குழுவின் நிலைபேறு. அது உரிமைப் பங்கீட்டிலும், பெயரைக் காக்கும் விழிப்பிலும், வயதை ஒப்புக்கொள்ளும் நேர்மையிலும் தங்கியுள்ளது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதற்குச் சான்று, ஷின்ஹ்வாவும் சான்று. அதன் ஆயுள் மனித ஆயுளைப் பெரிதும் மிஞ்சுவதில்லை. மற்றொன்று, பாடத்தின் நிலைபேறு. அது பலர் நெஞ்சில் பதிந்த சொல்லில் தங்கியுள்ளது. அதற்கு உரிமையாளர் இல்லை. ஆகவே அதனைக் கலைக்கவும் ஆளில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் இவ்விரண்டில் எதனை நாடுவது என்று சிந்திக்கலாம். வட்டம் நீடிக்க வேண்டும் என்று விழைவது இயல்பு. கொரியக் குழுக்களின் ஏழாண்டுச் சாபத்தை நாம் தாண்டிவிட்டோம் என்று நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் வட்டத்தின் கவிஞர்கள் எழுதிய சொல்லில் ஏதேனும் ஒன்று, வட்டத்தைச் சேராத ஒருவரின் வாயில் மனப்பாடமாக ஏறியிருக்கிறதா என்பதே பெரிய வினா. சங்கரதாசர் அவ்வினாவுக்கு ஒவ்வொரு திருவிழா இரவிலும் விடையளித்துக்கொண்டிருக்கிறார்.

இதனோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் முதிய நடிகர்களும் ஆர்மோனியக் கலைஞர்களும் இன்னும் வாழ்கின்றனர். அவர்களிடம் கையால் எழுதிய பாட்டு நோட்டுகள் உள்ளன. அச்சிட்ட நூலில் இல்லாத பாடபேதங்களும், வட்டாரத் தர்க்கங்களும், மெட்டுக் குறிப்புகளும் அவற்றில் இருக்கும். கரையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் படியெடுப்பதும், பாடிக் காட்டச் சொல்லி ஒலிப்பதிவு செய்வதும் இன்று எளிய செயல்கள். எவரிடமிருந்து யார் பாடம் கேட்டார், எந்தக் கம்பெனியில் எத்தனை ஆண்டு இருந்தார், குரல் போனபின் என்ன தொழில் செய்தார் என்பவற்றையும் உடன் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். நூல்கள் குறித்து வைக்காத அந்தப் பிள்ளைகளின் பெயர்களுள் சிலவேனும் அவ்வழியில் மீளும். அடுத்த பத்தாண்டுக்கு வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி இதனினும் சிறந்ததாக வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.